கொத்தமல்லிக் கட்டுக்குள் ஒரு குரல்

சங்கமித்ராவுக்கு வழி தெரியவில்லை என்று ஜூன் மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் பிரேசர் டவுனே சிரித்திருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து, அதற்கு மூன்று சந்து தள்ளிக் குடித்தனம் நடத்துகிறவள். மாஸ்க் ரோட்டில் எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போவார்கள், எந்த வாசலில் கண்டுகொள்ளமாட்டார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஒரு லேபில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். காலை ஆறு மணிக்கு பைக்கின் பின்னால் வெள்ளை ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பத்து மணிக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகளை முடித்துவிட்டு லேபின் மாடியில் நின்று டீ குடிப்பாள். ஒன்பது வருடமாக இதுதான் நடந்தது.

ஜூன் மாதம், கிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்த தீபிகா பிரசவ விடுப்பில் போனாள். "மித்ரா, ஹூடி, வர்த்தூர் சைடு நீங்க பாத்துக்குங்க. ஆறு மாசம்தான்" என்றாள் மேலாளர் வீணா.

ஆறாவது நாளே சங்கமித்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கென்று ஒரு முதல் மெயின் தெரு, ஒரு முதல் கிராஸ் என்னும் குறுக்குத் தெரு வைத்திருந்தது. ஏழாவது கிராஸுக்குப் பக்கத்தில் எட்டாவது கிராஸ் இருக்கும் என்று யாரும் நம்பத்தான் செய்வார்கள். அங்கே ஏழுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு இருந்தது. எட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ஒருநாள் மூன்றாவது மெயின் ஐந்தாவது கிராஸ் என்று நினைத்து, ஐந்தாவது மெயின் மூன்றாவது கிராஸில் போய் மணி அடித்தாள். கதவைத் திறந்தவர் ஏதோ இலவச முகாம் என்று எண்ணி உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டார். ஊசி போடும் முன் பெயர் கேட்கிற பழக்கம் இருந்ததால் அவர் தப்பினார். உண்மையில் அவளுக்காகக் காத்திருந்த அம்மாள், முக்கால் மணி நேரம் தாமதம் என்று லேபுக்குப் புகார் எழுதினாள். அடுத்த வாரம் இன்னொரு புகார்.

"மூணாவது ஒண்ணு வந்தா, சாரி மித்ரா, உங்களை உள்ள கவுண்டர்ல போட்டுடுவேன்" என்றாள் வீணா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கவுண்டரில் மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு. ஆனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் நம்பர் கூப்பிடுவதை நினைத்தாலே சங்கமித்ராவுக்கு மூச்சு முட்டியது.

அன்று வீட்டில் அவள் வாயை விட்டுச் சொன்னதுதான் தவறு. கணவன் சுனில் உடனே களத்தில் இறங்கிவிட்டான்.

சுனில் லிஃப்ட் மெக்கானிக். அவன் வேலையில் வழி தவற வாய்ப்பே இல்லை. மேலே அல்லது கீழே, இரண்டே திசை. பைக் ஓட்டவும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் வாங்கவேண்டும் என்றால் போதும், மூன்று வாரம் சாப்பாடு தட்டில் ஆறும். அவன் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான்.

"இத பாரு மித்ரா" என்று முதலில் ஒரு கருவியைக் காட்டினான். பைக்குக்கென்றே செய்த நேவிகேட்டர். மழையில் நனையாது, வெயிலில் திரை மங்காது, கையுறையோடு தொடலாம். செல்போன் டவரே இல்லாத காட்டிலும் செயற்கைக்கோளைப் பிடித்து வழி சொல்லும்.

"பனி மலைமேல ஓட்டறவங்க எல்லாம் இதுதான் வச்சிருக்காங்க."

"நான் இன்னா லடாக்குக்கா போறேன்? வர்த்தூருக்குப் போறேன்" என்றாள் அவள். விலையைப் பார்த்தாள். "இதுக்குப் பாதி பைக் வாங்கிடலாம்."

அடுத்தது உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. வரைபடம் கிடையாது, அம்புக்குறி மட்டும். இடம், வலம், இன்னும் எத்தனை மீட்டர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "தப்பா திரும்பிட்டா, எங்க நிக்கிறேன்னே தெரியாதே" என்றாள். அதுவும் போயிற்று.

கடைசியில் செல்போனையே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வது என்று முடிவானது. அதற்கும் சுனில் ஒரு பயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். பைக்கின் அதிர்வில் செல்போன் கேமரா கெட்டுப்போகுமாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் ஒன்றை வரவழைத்தான். ஹெல்மெட்டுக்குள் ஒட்டிக்கொள்கிற புளூடூத் ஸ்பீக்கரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஸ்பேனரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினான். ஹோல்டரோடு நான்கு மூலையையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு ரப்பர் வலையும் வந்திருந்தது. அது திரையின் ஓரத்தை மறைக்கிறது என்று அதை மட்டும் கழற்றிவிட்டான்.

"குரல் எந்த பாஷைல வைக்கட்டும்? கன்னடாவா, இங்கிலீஷா?"

"தமிழ்ல வை. சண்டை போடறதுக்கு அதான் வசதி."

முதல் வாரம் நிறையவே சண்டை போட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்த பெண்குரல் அச்சடித்த தமிழ் பேசியது. "இருநூறு மீட்டரில் சிறிது இடதுபுறமாகத் திரும்பவும்" என்று அது முடிப்பதற்குள் திருப்பம் கடந்து போய்விடும். ஊர்ப் பெயர்களை எல்லாம் பல்லில் மாட்டிக்கொண்டு கடித்துத் துப்பியது. மேம்பாலத்துக்கு மேலே போகவேண்டுமா கீழே போகவேண்டுமா என்ற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டது. "பேசு, இப்ப பேசு!" என்று சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் கத்துவாள், பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆனாலும் ஒரு வாரத்தில் ஒரு வீடுகூடத் தாமதமாகவில்லை.

எட்டாம் வேலை நாள், செவ்வாய்க்கிழமை. ஹூடியைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் சேஷகிரி என்பவருக்கு ஏழரை மணிக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளியைவிடக் கோபக்காரர் உலகத்தில் கிடையாது என்பது சங்கமித்ராவின் ஒன்பது வருட அனுபவம். ஏழு மணிக்கே கே.ஆர்.புரத்தைக் கடந்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டாக ஏற்றி, பின்கதவைத் திறந்து தொங்கவிட்டிருந்தார்கள். வாசனை ஹெல்மெட்டுக்குள் ஏறியது. அந்தச் சுகத்தில் கொஞ்சம் நெருங்கியே ஓட்டினாள். வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை, ஹம்பு, வந்தது. குட்டி யானை அதன்மேல் ஏறுமுன் சட்டென்று பிரேக் போட்டது. சங்கமித்ராவும் போட்டாள். முன்சக்கரம் ஹம்பில் இடித்துத் துள்ளி நின்றது. பைக் நின்றது. செல்போன் நிற்கவில்லை.

ஹோல்டரிலிருந்து எகிறி, ஒரு முறை காற்றில் புரண்டு, திறந்த கதவு வழியாகக் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவே போய் விழுந்தது. சத்தமே இல்லை. குட்டி யானை ஹம்பைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் வெறும் ஹோல்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது காதுக்குள் அந்தக் குரல், எதுவுமே நடக்காதது போல, "ஐந்நூறு மீட்டருக்கு நேராகச் செல்லவும்" என்றது.

"எங்கடி நேரா போறது? நீதான் போயிட்டியே!" என்று கத்திவிட்டு கியரைப் போட்டாள்.

நூறடியில் குட்டி யானையின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டாள். "அண்ணா, காடி நில்சி! நில்சி!" என்று வண்டியை நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் கத்தி, கையை ஆட்டினாள். ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நெற்றியில் பட்டையாக விபூதி. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஹம்பில் பிரேக் போட்டதற்குச் சண்டைக்கு வருகிறாள் என்று அவர் முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. லாரி விலகியபோது குட்டி யானையைக் காணோம்.

முன்னால் நேர்ச்சாலை, இடப்பக்கம் ஒரு திருப்பம், வலப்பக்கம் ஒரு திருப்பம். காதில் கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு துண்டு துண்டாக, "...பாதை மாற்றப்படுகிறது. வலது... திரும்பவும்..."

சங்கமித்ரா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். குரல், முதலில் போட்ட பாதைக்குத் திரும்பத்தான் வழி சொல்லும். வலப்பக்கம் திரும்பு என்கிறது என்றால், வண்டி இடப்பக்கம் போயிருக்கிறது. இடப்பக்கம் வண்டியைச் சாய்த்தாள்.

குரல் தெளிந்தது. "யூ-டர்ன் எடுக்கவும்" என்றது கணீரென்று. அத்தனை நாளில் அந்தக் குரலைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு நடந்தது கண்ணாமூச்சி. குரல் உடைந்தால் வண்டி தூரமாகிறது, தெளிந்தால் நெருங்குகிறது. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் மதிலுக்கு நடுவே, கார் ஒன்று மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்து. அதில் புகுந்தாள். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பிறகு ஒரு காலி மனை, அதன் குறுக்கே சக்கரத் தடம். வரைபடத்தில் இந்த வழி இல்லைபோலும். குரல் பதறிக்கொண்டே இருந்தது. "யூ-டர்ன் எடுக்கவும். யூ-டர்ன் எடுக்கவும்."

"எடுக்காதடி தாயே, அப்படியே பேசிட்டே இரு" என்று கெஞ்சினாள்.

நடுவில் ஹெல்மெட்டுக்குள் செல்போன் மணி அடித்தது. பழக்கத்தில் ஹெல்மெட்டின் ஓரப் பொத்தானை அழுத்தினாள். வயதான ஆண்குரல். "ஏம்மா, லேப்லேர்ந்து வர்றவாதானே? நான் சேஷகிரி பேசறேன். நீங்க வர..." அவ்வளவுதான். கரகரப்பு.

நீங்க வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க வரலேன்னா புகார் எழுதுவேன்? மீதியை அவளே விதவிதமாக நிரப்பிக்கொண்டாள். கண்ணாடித் தடுப்பும் டோக்கன் நம்பரும் கண்முன் வந்தன. மறுபடி மணி அடித்தது. எடுப்பதற்குள் அறுந்தது.

சந்து முடிந்து ஒரு அகலமான தெருவில் வந்து விழுந்தாள். குரல் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு. அது சொன்னது: "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

சங்கமித்ரா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றபடி சாப்பிடும் ஒரு தர்ஷினி ஓட்டல். வாசலில் குட்டி யானை. அதற்கு நேர் எதிரில் மூன்று மாடிக் கட்டடம். மதிலில் பதித்த கல்லில், அவள் தேடிவந்த வீட்டு எண். சேஷகிரியின் வீட்டுக்கு அவளுடைய செல்போன் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஓட்டலுக்குள்ளிருந்து வெளியே வந்த ஓட்டுநர், அவளைப் பார்த்ததும் வண்டியில் ஏறப் பார்த்தார். அவள் பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு ஓடினாள்.

"மேடம், மேடம்" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டார். "ஹம்புல பிரேக் போட்டது ஒரு குத்தமா? அதுக்கு இம்மாந் தூரம் வருவியாம்மா நீ?"

"சண்டைக்கு வரலண்ணே. உங்க வண்டில என் ஃபோன் கீது!"

"ஃபோனா? கொத்தமல்லிதாம்மா ஏத்தினேன்."

"பறந்து வந்து விழுந்துச்சுண்ணே!"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அய்யாவு என்பது அவர் பெயர், கிருஷ்ணகிரிப் பக்கம். முப்பது வருடமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறார். பறந்து வந்த செல்போன் அவர் அனுபவத்திலேயே இல்லை. இருந்தாலும் ஏறிக் கட்டுகளைப் புரட்டினார். அவளும் புரட்டினாள். புதினா, வெந்தயக்கீரை, கறிவேப்பிலை. செல்போன் இல்லை.

"நாலு கட்டு இப்பத்தான் உள்ள இறக்கிட்டேனே" என்றார் அய்யாவு, மெதுவாக.

இருவரும் சமையலறைக்குள் ஓடினார்கள். அங்கே ஒரு பெண், கொத்தமல்லிக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய அண்டாவை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் கட்டு மணி அடித்தது. அந்தப் பெண் வீலென்று கத்திக் கட்டைக் கைவிட, அண்டாவின் விளிம்பில் பட்டு வெளிப்பக்கமாக விழுந்தது. சங்கமித்ரா தரையில் மண்டியிட்டுத் தழைகளைப் பிளந்தாள். ஈரமாக, பச்சை வாசனையோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் செல்போன் கிடந்தது. திரையில் சேஷகிரியின் எண்.

எடுத்தாள். "சார், சார், வந்துட்டேன் சார். அஞ்சே நிமிஷம், சாப்பிடாம இருங்க..."

"ஏம்மா, நீங்க வர வேண்டாம்னு சொல்லத்தானே ஃபோன் மேல ஃபோன் போடறேன்!"

அந்தக் குரல் அவள் காதுக்குள்ளும் கேட்டது. சமையலறைக்கு வெளியேயும் கேட்டது. தலையை நீட்டிப் பார்த்தாள். நின்று சாப்பிடும் மேசை ஒன்றின் முன், வேட்டியும் ஸ்வெட்டருமாக எழுபது வயதுக்காரர் ஒருவர். ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் பாதி வடை. தட்டில் சட்னி மட்டும் மிச்சம்.

"சேஷகிரி சார்?"

அவர் திரும்பினார். ஹெல்மெட், கையுறை, தலையிலும் தோளிலும் கொத்தமல்லித் தழையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். வடையை வாயில் போடுவதா தட்டில் வைப்பதா என்று ஒரு கணம் தடுமாறி, வாயிலேயே போட்டார். ஆதாரம் அழிந்தது.

"அம்மா குழந்தே" என்றார் மென்று முடித்ததும். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு சப்பாத்தி. அப்புறம் பச்சைத் தண்ணி. காலையில பால் வாங்கப் போறேன்னு கீழ வந்தேன். அவன் வடையை எண்ணெயிலேர்ந்து எடுக்கறான்..." குரலைத் தாழ்த்தினார். "நீ லேட்டா வந்தேன்னு ஆத்துல மாமிகிட்ட சொல்லிடலாமா? பசி தாங்கலே, அதனால சாப்பிட்டேன்னு நான் சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்லை."

"எனக்கு நஷ்டம் சார். இன்னொரு லேட்டு விழுந்தா என்னை வண்டிலேர்ந்து இறக்கிடுவாங்க." சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். ஏழு இருபத்தேழு. "நான் லேட்டும் இல்லையே. மூணு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கேன்."

அது எப்படி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெயின் ரோட்டில் குரல் சொன்ன வழியே வந்திருந்தால் ஏழு நாற்பது ஆகியிருக்கும். சண்டைக்காரியிடமிருந்து தப்பிக்க அய்யாவு தனக்குத் தெரிந்த சந்துகளையெல்லாம் பயன்படுத்தியிருந்தார்.

சேஷகிரி கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அப்ப இன்னிக்கு டெஸ்ட் இல்லை. நாளைக்கு வச்சுக்கலாம்."

"ஃபாஸ்டிங் நாளைக்கு எடுக்கலாம் சார். டாக்டர் இன்னொண்ணும் எழுதியிருக்காரு. மூணு மாசச் சராசரி பாக்கிறது. அதுக்கு வெறும் வயிறு தேவையில்ல."

"மூணு மாசமா?"

"ஆமா சார். மூணு மாசமா இன்னா சாப்பிட்டீங்கன்னு அதுல தெரிஞ்சிடும்."

சேஷகிரி தர்ஷினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாடிக்கு அவரோடு ஏறிப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி மங்களம் மாமி, நெடுநெடுவென்று, நரைத்த கொண்டையோடு நின்றாள். சங்கமித்ரா படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். பொய் எழுதுவதற்கில்லை. "மேடம், சார் இன்னிக்கு ஃபாஸ்டிங்ல இல்லை..."

"தெரியும்மா" என்றாள் மாமி. "பால்கனியிலேர்ந்து பாத்துண்டுதானே இருக்கேன். ரெண்டு வடை. முதல் வடைக்குச் சட்னி போட்டுக்கலை, அவசரம்." பிறகு அவளைப் பார்த்து, "அது சரி, உன் தலையில என்ன, கொத்தமல்லியா?"

ரத்தம் எடுக்கும்போதே நடந்ததைச் சொன்னாள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேஷகிரிக்கும் சிரிப்பு வந்தது. ஊசி இருந்த கையை ஆட்டாமல் சிரிக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

கீழே வந்தபோது அய்யாவு போகாமல் நின்றிருந்தார். அவள் பைக்கின் ஹோல்டரை விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு ரப்பர் போட்டிருந்தா எகிறியிருக்காதேம்மா."

"இருந்துச்சுண்ணே. என் வூட்டுக்காரர் கழட்டிட்டாரு."

"பைக்கு ஓட்டறவரா?"

"இல்ல. லிஃப்ட் பாக்கறவரு."

அய்யாவு ஹோல்டரிலிருந்து விரலை எடுத்தார். ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சொருகிவிட்டுப் போனார்.

மாலையில் சுனில் கதையைக் கேட்டுப் பாதி வரை சிரித்தான். ரப்பர் வலை வந்த இடத்தில் முகம் வாடிவிட்டது. எழுந்து போய், பழைய டப்பாவையெல்லாம் கவிழ்த்து அந்த வலையைத் தேடி எடுத்தான். பிறகு தயங்கித் தயங்கி, அந்த விலை உயர்ந்த நேவிகேட்டரை மறுபடி திரையில் கொண்டுவந்தான். "இதுன்னா திருகு போட்டு முடுக்கிடலாம் மித்ரா. எங்கயும் பறக்காது."

"ஐயோ சுனிலு, பேடாப்பா, வேணாம்." அவன் கையிலிருந்து செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "இன்னிக்கு ஃபோனைப் பாக்காமலே எத்தினி கிலோமீட்டர் ஓட்டினேன் தெரியுமா? காது போதும் எனக்கு. ஃபோன் ஜாக்கெட் ஜிப்புக்குள்ள கிடக்கட்டும்."

"ஸ்கிரீனைப் பாக்காம எப்படி?"

"சும்மா சும்மா குனிஞ்சு பாத்துட்டிருந்ததாலதான் ஹம்பையே பாக்கல." அதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சுனில் கொஞ்சம் யோசித்தான். அடுத்த அரை மணி நேரத்தில் குரலின் வேகத்தைக் குறைத்து, சத்தத்தை ஏற்றி, திருப்பத்துக்கு முன்கூட்டியே சொல்லும்படி ஏதேதோ மாற்றினான். இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்தமல்லித் துவையல் அரைத்ததும் அவன்தான்.

மறுநாள் புதன்கிழமை. குரல் மெயின் ரோட்டிலேயே நேராகப் போகச் சொன்னது. சங்கமித்ராவுக்கு அய்யாவுவின் சந்து நினைவிலிருந்தது. "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று இடப்பக்கம் திரும்பினாள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு மதிலுக்கும் நடுவே, சந்தின் முழு அகலத்துக்கும் குழாய்க்காகப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். குரல் "யூ-டர்ன் எடுக்கவும்" என்றது. இந்த முறை மறுபேச்சில்லாமல் எடுத்தாள்.

சேஷகிரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பத்தொன்று. பதினொரு நிமிடத் தாமதம். மாமி வெளிக்கதவை உள்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள். சேஷகிரி நிஜமாகவே வெறும் வயிற்றோடு சோபாவில் உட்கார்ந்து, எதிர்த் தர்ஷினியிலிருந்து மிதந்துவரும் வாசனையை முகர்ந்துகொண்டிருந்தார். சங்கமித்ரா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே" என்று கையை நீட்டினார். "ரத்தத்தை எடு."

எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தி, குழாயில் பெயர் ஒட்டி, நேரம் எழுதினாள். இனிச் சாப்பிடலாம் என்றும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வருவேன் என்றும் சொன்னாள்.

"சாப்பிடலாம்னா என்ன சாப்பிடலாம்?" என்றார் சேஷகிரி, மாமியைப் பார்க்காமல்.

மாமி சங்கமித்ராவைப் பார்த்தாள். சங்கமித்ரா ஐஸ் பெட்டியை மூடினாள். "வழக்கமா இன்னா சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிடணும் சார். அப்பத்தான் ரிசல்ட் சரியா வரும்."

மாமி எதிர்த் தர்ஷினியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு. நானும் கூட வரேன்."